சுரங்க மண்ணில் மீண்டும் குடியேறும் சிறுபிராணிகள்

கடன் மனுவில் நிலத்தின் சர்வே எண் உண்டு, விஸ்தீரணம் உண்டு, நஞ்சையா புஞ்சையா என்ற விவரம் உண்டு, கிணறும் மோட்டாரும் உண்டா என்ற கேள்வியும் உண்டு. அந்த நிலத்தின் மேல் மண் இருக்கிறதா என்று கேட்கும் கலம் மட்டும் இல்லை. இவ்விலாகாவில் சேர்ந்து பதினோரு ஆண்டுகளாக எத்தனையோ மனுக்களைப் பார்வையிட்டுக் கையெழுத்திட்ட எனக்கு, அக்குறை சென்ற ஆண்டு வரையில் கண்ணில் படவில்லை.

சென்ற கோடையில் ஒரு கடன் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தவணை தவறிய அங்கத்தினர்களின் ஜாபிதாவில் ஒரு பெரியவரின் பெயர் இருந்தது. பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், பதினைந்து ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் செலுத்தியவர். கடந்த மூன்று ஆண்டுகளாகத்தான் இந்த நிலை. காரணம் அறிய அவருடைய நிலத்துக்கே போனேன். அவரது இரண்டு ஏக்கரில் ஓர் ஏக்கர், அண்டை நிலங்களைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் கிடந்தது. மகளின் திருமணச் செலவுக்காக மேல்மண்ணைச் செங்கற்சூளைக்காரருக்கு விற்றிருந்தார். "நிலம் இங்கேயேதான் இருக்குங்க ஐயா, மண்ணுதான் போயிடுச்சு" என்றார். அதன்பின் வண்டி வண்டியாகத் தொழு உரம் அடித்தும், மூட்டை உரத்தை இரட்டிப்பாக்கியும் பயிர் எழும்பவில்லை. மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது. மீதமுள்ள ஓர் ஏக்கர் மண்ணுக்கும் சூளைக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த மண்ணையும் கொடுத்துவிட்டால் சங்கத்துப் பாக்கி தீர்ந்துவிடும் என்று பெரியவர் சொன்னபோது, பாக்கியை வசூலிக்க வந்த நான் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன். "பள்ளமாப் போன இடத்துல எத்தனை வருஷத்துல மண்ணு திரும்பும்?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் விடை இல்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் பயின்றவன். கூட்டுறவு இலாகாவுக்கு வந்தபின் அப்படிப்புக்கு இனி வேலை இராது என்றே எண்ணியிருந்தேன். அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய பாடங்களையும் புதிய ஆராய்ச்சிகளையும் தேடியபோது, அதற்கு விரிவான விடை நிலக்கரி தோண்டிய நாடுகளில் கிடைப்பது தெரிந்தது. ஒன்றரை அடி மண் அன்று, அறுபது மீட்டர் மண்ணே புரட்டப்பட்ட இடங்களில் மண் எப்படித் திரும்புகிறது, யார் யார் அதைத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள் என்று அங்கே விஞ்ஞானிகள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறார்கள். அந்தக் கணக்கையே இங்கு அங்கத்தினர்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

நெய்வேலியை அறியாதவர் நம்மில் இல்லை. 1934-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது கரிய துகள்கள் வெளிப்பட்டதையும், 1956-இல் கார்ப்பொரேஷன் அமைந்ததையும், மறு ஆண்டு மே மாதத்தில் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததையும் பலரும் கேட்டிருப்பர். அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. பூமியைக் குடைந்து உள்ளே சென்று எடுக்காமல், மேலே மூடியிருக்கும் மண் முழுவதையும் அகற்றித் திறந்த வெளியில் வெட்டி எடுப்பது அதன் முறை. இதே கரியை நமக்கு நெடுங்காலம் முன்பிருந்தே வெட்டி வரும் பிரதேசங்கள் ஐரோப்பாவில் உள்ளன. ஜெர்மனியின் கிழக்கே லவுசிட்ஸ், மேற்கே ரைன் நதிப் பகுதி, செக் நாட்டின் மேற்கே சொகொலொவ் ஆகிய மூன்றும் நம் விஷயத்துக்கு முக்கியமானவை.

லவுசிட்ஸில் மேல்மண்ணை அகற்றும் இயந்திரம் ஒன்றை எஃப்60 என்று அழைக்கிறார்கள். 60 மீட்டர் கனமுள்ள மண்ணை வெட்டவல்லது என்பதால் இப்பெயர். அதன் நீளம் 502 மீட்டர். இரும்புப் பாலம் ஒன்று தண்டவாளத்தில் நடப்பதுபோல நகரும். முன்புறம் வெட்டிய மண்ணை, கரி எடுத்து முடிந்த பின்புறப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டே செல்லும். நம் கலப்பை அரையடி மண்ணைப் புரட்டுகிறது. இது ஒரு கோபுரத்தின் உயரத்தைப் புரட்டுகிறது. காடும் வயலும் இருந்த மேல்மண் எங்கோ அடியில் புதைகிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆழத்தில் உறங்கிய மணலும் களிமண்ணும் வெயிலுக்கு வருகின்றன.

அவ்வாறு மேலே வரும் மணலில் பலவிடங்களில் கந்தகமும் இரும்பும் கலந்த ஒரு கனிமம் இருக்கிறது. பூமிக்குள் இருக்கும் வரை அது சாது. காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமாக மாறிவிடும். மண் புளித்தண்ணீரைப் போலப் புளித்துப் போகும். புல்லும் முளைக்காத அந்த மேடுகளைச் சீர்திருத்த, சுண்ணாம்பையும் அனல் மின்நிலையச் சாம்பலையும் ஆழமாகக் கலக்கும் முறைகளை ஜெர்மானியர் வகுத்தனர். கொய்னே, டோம்ஸ்டோர்ஃப் என்ற ஊர்களின் பெயரால் அவை வழங்குகின்றன. பிறகு உரமிட்டு மரக்கன்று நட்டனர். கன்று வேர் பிடித்தது, தழைத்தது, இலை உதிர்த்தது. ஆனால் உதிர்ந்த இலை மக்கி மண்ணோடு சேராமல், மணலின் மேல் பாய் விரித்தாற்போலப் படிந்து கிடந்தது. மேலே மரம், கீழே பழைய மணல், இரண்டுக்கும் உறவில்லை. அந்த உறவை உண்டாக்கும் வேலைக்காரர்கள் அங்கே இன்னும் வந்து சேரவில்லை என்பதே காரணம்.

அவ்வேலைக்காரர்களின் வருகையைக் கணக்கெடுத்தவர்களுள் முதன்மையானவர் வோல்ஃப்ராம் டுங்கர். 1959-இல் கோர்லிட்ஸ் நகரத்து இயற்கை வரலாற்று மியூசியத்தின் தலைவரான அவர், அந்நகருக்கு அருகே பெர்ட்ஸ்டோர்ஃப் சுரங்கத்து மண்மேடுகளில் தம் வேலையைத் தொடங்கினார். புதிதாகக் கொட்டிய மேடு, சில ஆண்டுகள் ஆன மேடு, மரம் வளர்ந்த மேடு என ஒவ்வொன்றிலும் மண் எடுத்து, அதிலுள்ள பிராணிகளை இனம் பிரித்து எண்ணினார். பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே மேடுகளுக்குச் சென்று எண்ணினார். மரம் நட்டபின் 46 ஆண்டுகளில் நடந்த வரலாற்றைத் தம் சகாக்களோடு 2001-இல் வெளியிட்டார். அந்தச் சுரங்கம் 1997-இல் மூடப்பட்டு, 2002 முதல் நீர் நிரப்பப்பட்டு, இன்று பெரிய ஏரியாகிவிட்டது. சுரங்கம் போயும் கணக்கு நின்றிருக்கிறது. நம் சங்கங்களில் பத்தாண்டுக்கு முற்பட்ட பேரேட்டைக் கேட்டால் கரையானைக் காட்டுகிறார்கள் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிராணிகளை மண்ணிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். வியப்பான அளவுக்கு எளிய முறைகள் இருக்கின்றன. இத்தாலிய விஞ்ஞானி பெர்லேசே 1905-இல் வகுத்த முறையில், ஒரு புனலின் வாயில் சல்லடை வைத்து அதன்மேல் மண்ணைப் பரப்பி, மேலிருந்து வெப்பம் காட்டுகிறார்கள். பிற்காலத்தில் இதற்கு மின்விளக்கு வந்தது. மேல்மண் காயக் காய, ஈரம் தேடிக் கீழே இறங்கும் பூச்சிகள் புனலின் வழியே அடியிலுள்ள சாராயக் குப்பியில் விழுகின்றன. நீரில் வாழும் நுண்புழுக்களுக்கு வேறு முறை. பேர்மன் என்பவர் ஜாவாத் தீவில் கொக்கிப்புழு ஆராய்ச்சிக்காக 1917-இல் கண்ட முறை அது. மண்ணை மெல்லிய துணியில் முடிந்து, வெதுவெதுப்பான நீர் நிறைந்த புனலில் அமிழ்த்தி வைத்தால், புழுக்கள் துணியின் இழைகளுக்கிடையே நெளிந்து வெளியேறிப் புனலின் காம்பில் சேரும். மறுநாள் காம்பின் நீரைச் சிறிது இறக்கி நுண்ணோக்கியில் பார்க்கலாம். புனல், ரப்பர்க் குழாய், ஒரு கிளிப்பு, ஒரு துண்டு மல் துணி, இவ்வளவே செலவு.

இனி, வருகிறவர்களைப் பார்ப்போம்.

முதலில் வருவோர் காற்றில் வருகின்றனர். கோட்புஸ் நகருக்கு அருகே வெல்ட்சோ சுரங்கத்தில் 2005-இல் 6 ஹெக்டேர் பரப்புள்ள நிலத்தை விஞ்ஞானிகள் செயற்கையாகவே அமைத்தனர். கோழி ஓடை என்று பொருள்படும் பெயர் அதற்கு. அங்கே மரம் நடவில்லை, உரமிடவில்லை. வருவது வரட்டும் என்று விட்டுப் பார்த்தனர். ஓட்டு அமீபாக்கள் விரைவிலேயே வந்துவிட்டன. இவை ஓரணு உயிர்கள்; மணல் துகளையோ தாமே சுரந்த செதில்களையோ ஒட்டி, நத்தையைப் போலத் தமக்கு ஓடு கட்டிக்கொள்பவை. மான்ஃபிரட் வான்னரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்ததில், புது நிலத்தில் குடியேறிய ஓட்டு அமீபாக்கள் காற்றின் வழியே வந்தவை என்று தெளிந்தது. காய்ந்தால் ஓட்டுக்குள் சுருண்டு உறங்குவதும், நனைந்தால் விழிப்பதும் அவற்றின் இயல்பு. தூசியோடு தூசியாகப் பறந்து வந்து, மழை பெய்த அன்று பிழைப்பைத் தொடங்கிவிடுகின்றன.

அவற்றோடு வருபவை நூற்புழுக்கள். நெசவாள அங்கத்தினர்களுக்கு இப்பெயர் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நூறாம் நம்பர் நூலைவிடவும் மெல்லிய உடல். நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. விவசாயிகள் இவற்றை வேர்முடிச்சு நோயால் மட்டுமே அறிவார்கள். ஆகவே பெயரைக் கேட்டதும் மருந்து தேடுவார்கள். உண்மையில் மண்ணிலுள்ள நூற்புழுக்களில் பயிரைத் தாக்குபவை ஒரு பகுதியே. பாக்டீரியாவைத் தின்பவை, பூஞ்சையின் சாற்றை உறிஞ்சுபவை, பிற நூற்புழுக்களை வேட்டையாடுபவை என்று அவற்றில் பல தொழிலினர் உள்ளனர். நல்ல மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சத்துக்கு மேலும் இருப்பதுண்டு.

இந்தப் பாக்டீரியா தின்னிகள் செய்யும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாம் இடும் எருவைப் பாக்டீரியாக்கள் தின்று பெருகுகின்றன. எருவிலுள்ள தழைச்சத்தில் பெரும் பங்கு அவற்றின் உடலிலேயே முடங்கிக் கிடக்கிறது. அவற்றை நூற்புழுவும் அமீபாவும் மேயும்போது, தமக்கு மிஞ்சிய தழைச்சத்தைக் கழிவாக வெளியே விடுகின்றன. வேர் அதை உண்கிறது. மேய்வோர் இல்லாத மண்ணில், எருவின் சத்து பெட்டகத்தில் பூட்டிய மூலதனம்போல இருக்கும். கணக்கில் உண்டு, கைக்கு வராது. பெரியவரின் நிலத்தில் தொழு உரம் எதிர்பார்த்த பலனைத் தராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மண் இறுகிப் போனது இன்னொரு காரணம் என்பது வெளிப்படை.

நூற்புழுக்களில் யார் முந்தி வருவார், யார் பிந்தி வருவார் என்பதை வைத்து ஒரு மண்ணின் முதிர்ச்சியை அளக்கலாம் என்று ஹாலந்து நாட்டு விஞ்ஞானி டோம் போங்கர்ஸ் 1990-இல் காட்டினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுத்தார். எரு விழுந்ததும் ஓடிவந்து, சில நாட்களிலேயே தலைமுறை பெருக்குபவற்றுக்கு 1. மெல்ல வளர்ந்து, குறைவாக முட்டையிட்டு, சிறு தொல்லையையும் பொறுக்காதவற்றுக்கு 5. சராசரி எண் உயர உயர, அம்மண் நெடுநாள் கலைக்கப்படாமல் இருக்கிறது என்று பொருள். புதிய சுரங்க மேடுகளில் சிறிய எண்ணினரே நிறைந்திருப்பர். வேட்டையாடும் பெரிய நூற்புழுக்கள் வந்து நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடன் வாங்குவோரிலும் முதல் நாள் வந்து வரிசையில் நிற்பவர் வேறு, இருபது ஆண்டு சங்கத்தில் நிலைத்திருப்பவர் வேறு என்பது நம் காரியதரிசிகள் அறிந்ததே.

நீர்க்கரடி என்று ஒரு பிராணி உண்டு. எட்டுக் குட்டைக் கால்களுடன், நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மையாகவே கரடிக்குட்டியைப் போல அசைந்து நடக்கும். நீர் வற்றினால் ஒரு பீப்பாய்போலச் சுருங்கிக் கிடந்து, ஈரம் வந்ததும் எழுந்துவிடும். கோர்லிட்ஸைச் சேர்ந்த கரின் ஹோபெர்க் அம்மையார், இளம் சுரங்க மண்ணில் இவற்றின் வாழ்க்கையையும், அவை நூற்புழுக்களைப் பிடித்துத் தின்னும் விதத்தையும் ஆராய்ந்திருக்கிறார். வெறும் மணல்மேடு என்று நாம் கடந்து செல்லும் இடத்தில், மேய்ச்சலும் வேட்டையும் அதற்குள் தொடங்கிவிடுகின்றன.

அடுத்து வருபவை இறக்கையற்ற சிறுபூச்சிகள். வயிற்றின் அடியில் வில்போல மடங்கிய வாலைத் தட்டித் துள்ளுவதால் இவற்றை ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்பர். நாம் துள்ளுவாலிகள் என்று சொல்லலாம். பூந்தொட்டியில் நீர் ஊற்றும்போது வெள்ளையாகத் துள்ளுபவை இவையே. பூஞ்சை இழைகளை மேய்ந்து, சருகைத் துளைத்து வாழ்பவை. இவற்றில் பல இனங்களில் ஆண் துணையின்றியே பெண் முட்டையிடும். காற்றில் அகப்பட்டு ஒன்றே ஒன்று வந்து விழுந்தாலும் குடித்தனம் தொடங்கிவிடும். வெயிலையும் வறட்சியையும் பொறுக்கும் முன்னோடி இனங்கள் முதலில் வந்து பெருகி, மரநிழல் படர்ந்தபின் மறைந்துபோக, நிழல் விரும்பும் இனங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. உண்ணி வகைகளில் சில ஈக்களின் உடலிலும் வண்டுகளின் வயிற்றிலும் தொற்றிக்கொண்டு வருகின்றன. கட்டணமில்லாப் பிரயாணம். சருகைக் கடித்துத் தின்னும் கவச உண்ணிகள் மட்டும் மிகவும் நிதானம். குளிர்நாட்டில் அவற்றின் ஒரு தலைமுறைக்கு ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆவதுண்டு.

இவ்வளவு கூட்டம் கூடியும், சருகு இன்னும் மண்ணோடு கலக்கவில்லை. துண்டு துண்டாகிறது, பிராணிகளின் எச்சமாகிறது, ஆனால் மணலின் மேலேயே கிடக்கிறது. அதைக் கீழே இழுத்துச் செல்ல மண்புழு வரவேண்டும். மண்புழுவுக்கோ இறக்கையும் இல்லை, காற்றில் பறக்கும் உறக்க நிலையும் இல்லை. தானாக ஊர்ந்து ஒரு நிலத்தில் பரவும் வேகம் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு உட்பட்டதே. நாற்றங்காலிலிருந்து வரும் கன்றின் வேர்மண்ணிலும், வண்டிச் சக்கரச் சேற்றிலும், ஓடும் நீரிலும் தப்பி வந்தால்தான் உண்டு.

சொகொலொவ் மேடுகளில் இக்கட்டத்தை யான் ஃப்ரௌஸ் என்பவர் தம் குழுவினரோடு நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார். அங்கே மேலே வருவது புளித்த மணல் அன்று, காரத்தன்மையுள்ள களி. மனிதர் கைவைக்காமல் விட்ட மேடுகளில் முதலில் வில்லோவும் பூர்ச்சமும் தாமாக முளைக்கின்றன. ஈப்புழுக்களும் மரவட்டைகளும் சருகைத் தின்று எச்சமாக்குகின்றன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தபின் மண்புழுக்கள் வந்து நிலைக்கின்றன. அதன்பின் நடப்பதை மண்ணை வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணாலேயே காணலாம்: சருகு அடுக்கு கரைந்து, களியின் மேற்பகுதி கருத்து, பொலபொலவென்று குருணையாகிறது, நீரைப் பிடித்து வைக்கும் சக்தியும் அதற்கு வருகிறது, புல்பூண்டுகளும் பெருகுகின்றன. சருகையே வீடாகக் கொண்டிருந்த சிறு உண்ணிகளுக்கு மட்டும் இது நஷ்டம். மண்புழு வந்த இடத்தில் அவை குறைவதுண்டு.

எந்த மரத்தை நடுகிறோம் என்பதும் இதில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. சொகொலொவில் அடுத்தடுத்து ஒரே களிமேட்டில் பல மரங்களை நட்ட தோப்புகள் உள்ளன. ஆல்டர் என்னும் மரம், நம் சவுக்கைப்போல, வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைச் சேர்ப்பது. அதன் இலை மென்மையானது. அதன் அடியில் மண்புழு மிகுந்து கருமண் உருவாகியிருக்கிறது. ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் அடியில், அதே வயதில், சருகு மெத்தையாகக் கிடக்கிறது, மண்புழு சொற்பமே. மரம் மண்ணை நேராக மாற்றுவதைக் காட்டிலும், தன் இலையைத் தின்ன வருகிறவர்களைக் கொண்டே பெரிதும் மாற்றுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. விரைவில் பச்சையாகத் தெரியவேண்டும் என்று வைக்கப்படும் மரங்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; இங்கே அதை விரிக்கவில்லை.

மேல்மண்ணைத் தொடக்கத்திலேயே காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதை ரைன் பகுதியில் காணலாம். அங்கே காற்றால் படிந்த வளமான வண்டல் மண் தடித்த அடுக்காக இருக்கிறது. அதைத் தனியே எடுத்து, கரி வெட்டிய பின் விளைநிலத்துக்கென 2 மீட்டர் கனத்தில் மீண்டும் பரப்புகிறார்கள். உடனே விவசாயியிடம் கொடுத்துவிடுவதில்லை. முதல் 3 ஆண்டுகள் குதிரை மசால் பயிரிட்டு, மொத்தம் 7 ஆண்டுகள் சுரங்கக் கம்பெனியே பக்குவமாகப் பயிர் செய்த பிறகே ஒப்படைக்கிறார்கள். குதிரை மசாலின் ஆணிவேர் இறுகிய மண்ணைத் துளைக்கிறது; அதன் தழை சிறுபிராணிகளுக்கு உணவாகிறது. இருந்தும், கனமான வண்டிகள் ஓடி மண்ணை இறுக்கிவிட்ட இடங்களில் தொல்லை நீடிக்கிறது. எடுத்த மேல்மண்ணை உயரமான குவியலாக நெடுநாள் போட்டு வைத்தாலும் கெடுதி உண்டு. குவியலின் உட்புறம் காற்றில்லாமல் போய், மண்புழு முதலியவை மடிந்துவிடும்.

ஹாலந்தில் 2006-இல் தொடங்கிய ஒரு சோதனை, நம் பெரியவரின் பள்ளத்துக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சுரங்கம் இல்லை. பழைய விளைநிலத்தின் மேல்மண் அகற்றப்பட்டிருந்தது. பழைய புல்வெளி மண்ணையும் புதர்க்காட்டு மண்ணையும் கொண்டுவந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனத்தில், கோலமாவு தூவுவதுபோல வெவ்வேறு பகுதிகளில் தூவினர். ஆறு ஆண்டுகளில் அந்தந்தப் பகுதியின் செடிகொடிகளும் மண்ணுயிர்களும், தூவிய மண் எங்கிருந்து வந்ததோ அவ்விடத்தைப் பின்பற்றத் தொடங்கியிருந்தன. வருகிறவர்கள் காற்றிலும் சக்கரத்திலும் வரட்டும் என்று காத்திராமல், அழைத்து வந்து குடியேற்றுவதும் கூடும் என்பதற்கு இது சாட்சி.

ஐரோப்பாவின் ஆண்டுக் கணக்கை அப்படியே நம் நாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாகாது. அங்கே பனிக்காலத்தில் மண்ணின் வேலை சில மாதம் நின்றுபோகும். இங்கே கோடையின் வறட்சியில் நிற்கும். அங்கே சுரங்க மேடுகளில் இல்லாத கரையான், இங்கே பேரேட்டைத் தின்பதோடு சருகையும் தின்று மண்ணைத் துளையிடுகிறது. ஆனால் வருகிறவர்களின் வரிசை, முதலில் காற்றில் வரும் மேய்ப்பர், பின்னர் சருகு தின்போர், அதன்பின் மண்ணைக் கலப்போர் என்பது, எந்த மண்ணுக்கும் பெரும்பாலும் பொருந்தக்கூடியதே.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பெரியவரிடம் வெறுங்கையோடு போக மனமில்லை. அவருடைய பள்ளத்திலிருந்து ஒரு பிடி, அவருடைய பழைய வரப்பிலிருந்து ஒரு பிடி, விற்காத ஏக்கரிலிருந்து ஒரு பிடி என்று மூன்று பொட்டலம் மண் எடுத்து, மூன்று புனல்களில் மல் துணியில் முடிந்து வைத்தேன். பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நுண்ணோக்கி தந்து உதவினார். நான் செய்தது ஆராய்ச்சி அன்று. ஒரு பிடி மண்ணைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆயினும் பள்ளத்து நீர்த்துளியில் நெடுநேரம் தேடி இரண்டு நூற்புழுக்களையே கண்டேன். வரப்பு மண்ணின் துளியில் அவை நெளிந்த நெளிவில் எண்ணிக்கை தவறிப்போயிற்று. விற்காத ஏக்கரும் வரப்புக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். பெரியவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுங்களா ஐயா நம்ம கடனைக் கட்டப் போவுது?" என்று சிரித்தார்.

பள்ளத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும், வண்டியும் டிராக்டரும் ஈரத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ளவும், வரப்பு மண்ணையும் புங்கமரத்தடி மண்ணையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து மழை நாளில் தூவி, மேலே சருகு மூடவும் சொன்னேன். வேர்முடிச்சு கண்ட கத்தரி, தக்காளிப் பாத்திகளின் மண்ணை மட்டும் தொட வேண்டாம் என்றும் எச்சரித்தேன். நல்லவர்களோடு அந்த வகையும் வந்து குடியேறிவிடும். வரப்பைச் செதுக்கிச் செதுக்கி மெலியவைப்பது வழக்கமாகிவிட்ட ஊர் அது. பள்ளத்துக்கு விதைப்பண்ணையாக மிஞ்சியிருப்பது அந்த வரப்பே என்றேன். அதை அவர் உடனே புரிந்துகொண்டார்.

கடன் விஷயந்தான் அவ்வளவு எளிதாக இல்லை. பாக்கியை மத்தியகாலக் கடனாக மாற்றி, ஐந்து ஆண்டுத் தவணை கொடுக்கலாம் என்று குறிப்பெழுதி அனுப்பினேன். எந்த விதியின் கீழ் என்று கேட்டு அது திரும்பி வந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் விதி உண்டு; தானே விற்ற மண்ணுக்கு விதி இல்லை. விதிப்படி அது நியாயமான கேள்வியே. மறு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். சென்ற மாதம் அவ்வழியே போனபோது, பள்ளத்தில் தக்கைப்பூண்டு இடுப்பளவு நின்றது. ஆனால் நடுவில் திட்டுத் திட்டாக வெறுமை. மடக்கி உழுவதற்கு மழையை எதிர்பார்த்திருந்தார். சூளைக்காரர் கொடுத்த முன்பணத்தைச் செலவு செய்யவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பெட்டியில் அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னார்.